அகலக் கால்

எங்கள் பிரம்மதேசத்தில் காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள பேப்பர் பார்க்க வேண்டியதில்லை. விடியற்காலையில் திண்டிவனம் – மரக்காணம் சாலையோரம் போய் நின்றால் போதும். முந்தின வாரம் வரை பால்காரரும் நாய்களும் மட்டுமே நடமாடிய சாலையில் திடீரென்று பையன்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இப்போது பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அண்ணனோ அப்பாவோ பின்னால் டி.வி.எஸ். வண்டியில் வெளிச்சம் காட்டிக்கொண்டு வர, பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருக்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்பிள்ளைகள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்பிள்ளைகள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். ராணுவத்துக்குப் போகிறவனுக்கு 1.6 கிலோமீட்டர். கழனி வேலையும் கல்லூரியும் போக மிச்சமிருக்கும் இருட்டு நேரத்தில் இந்தத் தூரத்தை விரட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நடைப்பயிற்சிக்குப் போகும் என்னை வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். எப்படி மூச்சு விட வேண்டும், கடைசிச் சுற்றில் எப்போது வேகம் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பேன். பதில்களை மனசுக்குள் தயாராகவே வைத்திருப்பேன். ஒருத்தனும் கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: “சார், எந்த ஷூ வாங்கலாம்?”

ஷூவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் நான் ஷூ போட்டதே கிடையாது. விழுப்புரம் மாவட்டமெல்லாம் 1993இல்தான் வந்தது. அப்போது நாங்கள் தென்னாற்காடு ஜில்லாக்காரர்கள். ஜில்லாப் போட்டிக்குப் போனாலும் வெறுங்கால்தான். வேர்க்கடலைக் கொல்லை வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓடிப் பழகிய கால். வேலிகாத்தான் முள் ஏறினால் உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவோம். விரல்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக விரிந்து நிற்கும். “உங்கப்பாரு கால் மாதிரியே முறம் கணக்கா இருக்குடா” என்று என் அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது சொல்வாள். அதில் பெருமைதான் இருந்தது. பட்டணத்துக்குப் போனபிறகுதான் அது எனக்குக் குறையாகப் பட்டது.

சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கியது. அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தபோது வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்க வேண்டியிருந்தது. கடையில் என் நீளத்துக்குப் பொருந்திய ஜோடி அகலத்தில் கடித்தது. ஒரு நம்பர் பெரியதைப் போட்டால் முன்னால் காலியாகத் தொங்கியது. கூட வந்த நண்பன், “கிராமத்துக் கால், அப்படித்தான் இருக்கும். போடப் போட ஷூவுக்கு ஏத்த மாதிரி கால் அடங்கிடும்” என்றான். எனக்கும் அது நியாயமாகவே தோன்றியது. ஷூ கம்பெனிக்காரன் படித்தவன், அவன் தப்புப் பண்ணுவானா? தப்பு என் காலில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த காலம் அது.

வேலை கிடைத்து ஊருக்கு வந்த பிறகும் அந்த மிடுக்கு போகவில்லை. சனிக்கிழமைதோறும் ஷூவைத் துவைத்துக் காயவைத்து, வெள்ளை பாலிஷ் தீர்ந்துபோனால் பள்ளிக்கூடத்துச் சாக்பீசைத் தேய்த்து, பளபளவென்று வைத்திருப்பேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன். பள்ளிக்கூட வாசலுக்கு நாலடி முன்னால், புளியமரத்துக்குப் பின்னால் நின்று மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உள்ளே போவேன். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டான். “சார், ஷூ தேய்ஞ்சிடும்னு கையில எடுத்துட்டு வரீங்களா?” என்று கேட்டான். “ஆமாண்டா” என்றேன். வேறு என்ன சொல்வது?

சுண்டுவிரல் ஓரத்தில் அன்று விழுந்த ஆணி இன்னும் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் வலிக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருப் பையன் ஒருத்தன் காவலர் தேர்வுக்குத் தயாரானான். நல்ல ஓட்டக்காரன். எங்கள் ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினால் 1,500 மீட்டரை ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிடுவான். உடல்தகுதித் தேர்வு விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில். தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா, பிள்ளை எல்லாரையும் போல ஷூ போட்டு ஓடட்டும் என்று, கடலை விற்ற காசில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். பச்சையும் ஆரஞ்சும் கலந்து, இருட்டில்கூடப் பளிச்சென்று தெரியும். நீளத்துக்கு எட்டாம் நம்பர் போதும். ஆனால் அகலத்தில் பிடித்ததால் பையன் ஒன்பதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நான் அன்று கோவளத்தில் மகள் வீட்டில் இருந்தேன்.

மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே குதிகால் உள்ளே மேலும் கீழுமாக வழுக்க ஆரம்பித்துவிட்டதாம். மூன்றாவது சுற்றில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் நனைந்தது. முடித்தான், ஆனால் ஏழு நிமிடத்தைத் தாண்டித்தான் முடித்தான். ஊருக்கு வந்தவன் ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, “எனக்கெல்லாம் இது சரிப்படாது தாத்தா. என் கால் வாட்டம் அப்படி” என்றான்.

அவன் சொன்னது எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்கு என் தங்கையின் பேத்தி வந்தாள். தங்கை வந்தவாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகும். தைவானின் ஃபெங் டே குழுமம் அங்கே ஆலை வைத்து நைக்கி ஷூ செய்கிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டுக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற ஷூவில் வந்தவாசிப் பெண்ணின் கைரேகை இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பேத்தியும் அந்த வட்டாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் வரிசையில் வேலை பார்த்தாள். பேச்சுவாக்கில் தெருப்பையன் கதையைச் சொன்னேன். “அந்த ஷூவை எடுத்துட்டு வரச் சொல்லு தாத்தா” என்றாள்.

ஷூ வந்தது. அவள் அதன் நிறத்தையோ பெயரையோ பார்க்கவே இல்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அடியிலிருந்த உள்ளட்டையை வெளியே உருவினாள். நான் ஒரு வாழ்நாள் முழுக்க ஷூ போட்டவன், அது தனியாகக் கழன்று வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைத் தரையில் போட்டு, “இதும்மேல நில்லுண்ணா” என்றாள். பையன் நின்றான். குதிகாலுக்குப் பின்னாலும் விரலுக்கு முன்னாலும் இடம் கிடந்தது. ஆனால் விரல்கள் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சதை அட்டையைத் தாண்டி வழிந்தது.

“ஷூவுக்குள்ள ஒரு அச்சு இருக்கும் தாத்தா. லாஸ்ட்னு சொல்வோம். கால் மாதிரியே பிளாஸ்டிக்கில் செஞ்சிருப்பாங்க. மேல்பாகத்தைத் தைச்சு, சூடு காட்டி, அந்த அச்சு மேல இழுத்து மாட்டி, அப்புறம்தான் சோல் ஒட்டுவோம். கடைசியில அச்சை உருவிடுவாங்க. நீங்க நம்பரைப் பாக்குறீங்க, நாங்க அச்சைப் பாப்போம். அந்த அச்சு எந்த ஊர்க் காலோ, ஷூவும் அந்த ஊர்க் காலுக்குத்தான் உட்காரும்” என்றாள்.

இருபத்திரண்டு வயதுப் பெண். பி.டி. வாத்தியாருக்கு வகுப்பெடுத்துவிட்டுக் கரும்பு கடிக்கப் போய்விட்டாள்.

பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாம் சொல்லும் எட்டு, ஒன்பது எல்லாம் பிரிட்டிஷ் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய இங்கிலாந்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து உண்டான அளவாம் அது. முழுக்க நீளத்தின் கணக்கு. அகலத்துக்கு வேறு எழுத்துக் குறியீடுகள் உண்டு. ஆனால் நம் கடைகளில் அதைக் கேட்டால் கடைப் பையன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பான். அகலம் போதவில்லை என்றால் நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், நீளத்தைக் கூட்டி வாங்குவது. நீளம் கூடினால் குதிகால் வழுக்கும். வழுக்காமல் இருக்க லேசை இறுக்கினால் மேல்பாதம் மரத்துப்போகும். தெருப்பையனின் கொப்புளத்துக்கும் என் ஆணிக்கும் ஒரே மூலம்.

இது ஏதோ திண்டிவனத்து வியாதி இல்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் வைத்து அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலம் என்று அதில் தெரிந்தது. குறுகலான ஷூவுக்குள் நுழைவதற்காக நாம் தேவைக்கு மேல் நீளமான ஷூக்களை வாங்கிப் போட்டு அவதிப்படுகிறோம் என்றும் தெரிந்தது. இந்தியக் காலுக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்று பரிந்துரைத்து அதற்கு ‘பா’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். செய்தியைப் படித்தபோது என் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. முறம் கணக்கான கால் நம் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை, ஒரு தேசமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கியவர். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, அன்றைக்கு உலகிலேயே சிறந்த நேரம். வகுப்பில் நான் இந்தக் கதையை, ஏழை மனிதன் ஷூ இல்லாமல் ஜெயித்தான் என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிடச் சுவாரசியமானது. அவருக்கு ஷூ இருந்தது. அங்கே கொடுத்த ஜோடி எதுவும் காலுக்குச் சரியாக உட்காரவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழக்கமும் இருந்தது. ஒலிம்பிக் ஆயிற்றே, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கடிக்கிற ஷூவைப் போட்டுக்கொள்ளாமல் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். நாலு வருஷம் கழித்து டோக்கியோவில் பொருந்துகிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினார். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம். ஷூ வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் கொள்கை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. காலைக் கேட்டார், கால் சொன்னபடி செய்தார்.

நம் பக்கத்திலும் வெறுங்காலில் தொடங்கியவர்கள் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடிப் பழகி, பிறகு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். இதைச் சொன்னால் உடனே சில பையன்கள், “அப்ப ஷூவே வேணாமா சார்?” என்கிறார்கள். வேண்டும். வரப்பும் ஏரிக்கரை மண்ணும் வேறு, பாட்டில் சில்லு கிடக்கிற தார்ச்சாலை வேறு. என் வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று யாராவது சொன்னால், சர்க்கரை இருக்கிறவர்கள் அதைக் காதில் வாங்காதீர்கள். நமக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், முள் ஏறினாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். எனக்கே சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்புதான்.

பேத்தி ஊருக்குக் கிளம்புமுன் இன்னொரு காரியம் செய்தாள். ஓடுகிற பிள்ளைகள் எல்லாரையும் எங்கள் திண்ணைக்கு வரவழைத்து, பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொருத்தரையும் சாக்ஸ் போட்டு நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தாள். பென்சில் சாயாமல் நேராக நிற்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு வரையக்கூடாது, எடை இறங்கினால்தான் கால் தன் அகலத்தைக் காட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பாதிப் பேருக்கு மேல் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. அவர்களுக்கே அது அதுவரை தெரியாது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும் என்றாள். பொங்கல் லீவில் தூங்காமல் ஊரார் பிள்ளைகள் காலடியில் குனிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. வாங்கிக்கொண்டது ஒரு பை வேர்க்கடலை மட்டும்தான்.

அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் கடைக்குப் போகும் முறை மாறிவிட்டது. காலையில் போவதில்லை, சாயங்காலம்தான். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் பெருத்திருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் பெருக்கும். வரைந்த பேப்பரை வெட்டி எடுத்துப்போய், ஷூவின் உள்ளட்டையை உருவி அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். போட்டு நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஷூவை வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் முறியக்கூடாது. கடைக்குள்ளேயே நாலடி ஓடிப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டால் காசு போச்சு. லேஸ் துளைகளில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒன்று வீணாகக் கிடக்கும், யாரும் அதில் கோக்க மாட்டார்கள். குதிகால் வழுக்குகிறவர்கள் லேசை அதில் விட்டு ஒரு கண்ணி போட்டுக் கட்டினால் வழுக்கல் பெரும்பாலும் நின்றுவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்ட ஷூ கடித்தால் திண்டிவனத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகச் சொல்வேன். மரக்கட்டையை உள்ளே கொடுத்து ராத்திரி முழுக்க வைத்து, கடிக்கிற இடத்தை மட்டும் தளர்த்திக் கொடுப்பார். “வலிக்குற எடத்துல விரலை வைப்பா” என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. பெரிய பெரிய கடைகளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வரும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ சமாச்சாரத்தில் எனக்குப் பையன்களோடு இன்னும் சண்டை ஓயவில்லை. பெரிய கம்பெனிச் சின்னம் போட்டிருக்கும், பார்க்க அசலாகவே இருக்கும். உள்ளே இருக்கிற சோலில் உயிர் இருக்காது. அதே காசுக்குப் பெயர் தெரியாத கம்பெனியின் ஒழுங்கான ஷூ கிடைக்கும். ஆனால் இருபது வயதில் சின்னம் முக்கியம், சாக்பீஸ் தேய்த்தவனுக்கு அது புரியாதா! திட்டுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

மறுபக்கம், ஐந்தாயிரம் கொடுத்தால்தான் நல்ல ஷூ என்று நினைப்பதும் சரியில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பாதத்தின் வளைவு உயர்ந்ததா தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற ஷூவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களே, அதை அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தவர்களுக்கும், பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தவர்களுக்கும் காயங்களில் பெரிய வித்தியாசம் வரவில்லை. போட்டதும் சுகமாக இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். போட்டுக்கொண்டவனின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். “பழகினா சரியாயிடும் சார்” என்று சொன்னால் அந்த ஷூ அவனுடையது இல்லை.

தெருப்பையன் அடுத்த அறிவிப்பில் மறுபடி எழுதினான், மறுபடி ஓடினான். விலை குறைந்த, சாம்பல் நிறத்தில், முன்பக்கம் வாத்து மூக்கு மாதிரி பரந்த ஒரு ஷூ. கூட ஓடியவர்கள் சிரித்தார்களாம். காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாம் ஒரே தேர்வுதான். அவனுக்குத் தீயணைப்புத் துறை கிடைத்தது. லீவில் வந்தால் இப்போதும் பிள்ளைகளோடு ஓடுகிறான்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் புது ஷூ வாங்கித் தருவது உங்கள் ஆசை, அதில் குறை இல்லை. ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் வாங்கித் தராதீர்கள். மூன்று வாரமாவது முன்னால் வாங்கிக் கொடுத்து, அதே ஷூவில் அதே தூரத்தை ஓடிப் பழக விடுங்கள். கடைக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு நீங்கள் தனியாகப் போய் வாங்கி வராதீர்கள். கடைக்காரர்களே, எங்கள் பிள்ளைகள் உள்ளட்டையை உருவி வைத்துப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். திரும்பச் சரியாகச் செருகி வைக்கவும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.